போர்மட் அடிக்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்



கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் லெப்டொப் வேலை செய்யவில்லை. கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் இல்லை' என்று ஒரு வரி மட்டும். கடைக்குக் கொண்டு போனார். "டீச்சர், வின்டோஸ் அடிபட்டிட்டு. போர்மட் அடிக்கத்தான் வேணும்." ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஐந்து வருட வினாத்தாள்கள், பிள்ளைகளின் தவணைப் புள்ளிகள், மௌத்தாகிப் போன வாப்பாவின் ஹஜ் படங்கள், அவையும் அதோடு முடிந்தன.

பிறகுதான் நான் கேட்டேன். "கடைசியா எதையாவது மாத்தினீங்களா டீச்சர்?"

"மகன் யூடியூப் பார்த்து வின்டோஸ் 11 போடப் பார்த்தான் சேர். பயோஸ்ல ஏதோ மாத்தினவன்."

விசயம் அவ்வளவுதான். 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. வின்டோஸ் 11 யுஈஎஃப்ஐ முறையைக் கேட்கிறது. பல பழைய லெப்டொப்களில் பயோஸ் 'லெகசி' முறையிலும் வன்தட்டு 'எம்பிஆர்' வடிவிலும் இருக்கும். வன்தட்டை 'ஜிபிடி'க்கு மாற்றாமல் பயோஸை மட்டும் மாற்றினால், வின்டோஸ் இருக்கிற இடம் அதற்குத் தெரியாது. ஒரு கோப்பும் அழிவதில்லை. திரும்ப லெகசி என்று வைத்தால் இரண்டு நிமிடத்தில் எழும்பும்.

சாவி மாறிப் போனதற்கு வீட்டை இடிப்பதா?

கடைக்காரத் தம்பிமாரே, போர்மட் உங்களுக்குச் சுகமான வழி என்று தெரியும். அவசரப்படுத்துகிற ஆட்களும் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மேசைக்கு வருகிற வன்தட்டு ஒரு அமானிதம். "கடைசியாக என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பென் ட்ரைவில் லினக்ஸ் போட்டு எழுப்பினால் வின்டோஸ் எழும்பாமலே கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். இதைச் செய்யாமல் போர்மட் அடிப்பது திருத்த வேலையே இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு:

1. எதை மாற்றினீர்களோ அதை முதலில் பழைய நிலைக்குத் திருப்புங்கள். மாற்ற முன் பயோஸ் திரையை போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. வின்டோஸுக்குள் மாற்றியதால் வந்த பிரச்சினை என்றால், இரண்டு மூன்று தடவை எழும்பத் தவறியதும் திருத்தும் திரை தானாக வரும். அங்கே சேஃப் மோட், சிஸ்டம் ரிஸ்டோர் இருக்கின்றன.

3. டெஸ்க்டொப்பில் பயோஸுக்குள்ளேயே போக முடியாவிட்டால், மின்சாரத்தைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரியைச் சில நிமிடம் எடுத்து வையுங்கள். அமைப்புகள் ஆரம்ப நிலைக்கு வரும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

4. பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு இலக்கம் கையில் இல்லாமல் பயோஸைத் தொடாதீர்கள்.

கடைசியாக எங்களுக்கும் ஒரு வார்த்தை. பயோஸ் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் வரைவிலக்கணம் ஒப்புவிப்பார்கள். அதற்குள் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வுகூடத்துக் கொம்பியூட்டரைத் தொடவிடாமல் துணி போட்டு மூடி வைத்த நாங்களும் இந்தப் போர்மட்டில் பங்காளிகள்தான். அந்தப் புள்ளிகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லி அந்த டீச்சருக்கு நானும் ஒரு நாளும் சொல்லவில்லை.

இன்றைக்கே ஒரு பிரதி எடுங்கள். அடுத்த தடவை "போர்மட்" என்று யாராவது சொன்னால், "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று சொல்லுங்கள்.