லாச்சிக்குச் சில்லுப் பூட்டுங்கள்

எங்கட வீடுகளில் குறடும் ஸ்பானரும் எங்கே கிடக்கும்? வெங்காயப் பைக்குப் பக்கத்தில், இன்னொரு பையில். பிரான்சில் விற்கும் கைபேசி, மடிக்கணினி, சலவை இயந்திரங்களில் 'எவ்வளவு திருத்தலாம்' என்று பத்துக்குப் புள்ளி போடவேணும் என்று 2021 ஜனவரியில் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். திருத்துவதற்குக் குறட்டைத் தேடவே அரை மணித்தியாலம் போனால் யார் திருத்துவது?

புதுக் கருவிப்பெட்டி வாங்காதீர்கள். 1949இல் அபே பியேர் தொடங்கிய எமாயுஸ் போன்ற பழம்பொருள் கடைகளில் அலுவலகங்கள் கழித்துவிட்ட இரும்பு லாச்சி அலுமாரிகள் கிடைக்கும். உயரமானதை விடுங்கள், கவிழும். பதிவானவை இரண்டை எடுத்து, பக்கத்தில் பக்கமாக வைத்து ஆணி முடுக்குங்கள்.

சில்லை அடித்தகட்டில் நேராகப் பூட்டினால் தகடு வளையும். கீழே கோண இரும்பில் ஒரு சட்டம் வேணும், சில்லு அதில்தான். நிலம் ஒருபோதும் சமனாக இராது. நாலு சில்லில் மூன்றுதான் பாரம் தாங்கும். மொத்தம் 100 கிலோ என்றால் நாலால் அல்ல, மூன்றால் பிரியுங்கள்: 33. ஆகவே 50 கிலோச் சில்லு. இரண்டு திரும்புவதாக, பிரேக்கோடு. பாரமான சாமான் அடி லாச்சியில். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர உரஞ்ச வேண்டாம்.

பொறியியல் படித்த எங்களில் பலருக்கு இந்த மூன்றால் பிரிக்கிற கணக்கு சோதனைத்தாளில் வரும், கைக்கு வராது. அதுதான் எனக்குக் கோபம். பட்டம் எடுத்தும் ஒரு கதவுப் பிணைச்சல் மாற்ற ஆள் கூப்பிடுகிறோம்.

சார்செல் நிலவறையில் நான் செய்தது கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குது. ஒரு சில்லைக் கோணலாய்த் துளைத்துவிட்டேன். வாற சனிக்கிழமை கழட்டவேணும்.