பேரேட்டின் சாவி யாரிடம்?

தராசு வாங்கினால் அது நமக்குச் சொந்தம். விற்றவர் ராத்திரியில் வந்து தட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. ஆனால் பில் போடும் சாப்ட்வேருக்கு நாம் பணம் கட்டும்போது பெரும்பாலும் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதன் நிபந்தனைகளும் பல சமயம் பணம் கட்டிய பிறகே திரையில் வருகின்றன. ‘சம்மதம்’ என்று அழுத்தாவிட்டால் வேலை நடக்காது. நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்?

இத்தகைய நிபந்தனைகளுக்குச் சட்ட பலம் தேடி அமெரிக்காவில் நடந்த முயற்சியை நாம் அறிந்திருப்பது நல்லது. அங்கே மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டம் எழுதித் தரும் ஆணையர்கள் மாநாடு 1999 ஜூலையில் ‘யூசிட்டா’ என்ற சட்டத்தை ஏற்றது. பணம் கட்டிய பின் காட்டப்படும் நிபந்தனையும் செல்லும் என்றது அது. ஒப்பந்தம் மீறப்பட்டால், தனியாகச் சம்மதம் பெற்றிருக்கும் பட்சத்தில், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, நீதிமன்றம் போகாமலே மென்பொருளை நிறுத்திவிடவும் வழி செய்தது.

மைக்ரோசாப்ட் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் ஆதரித்தன. மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. விர்ஜீனியாவும் மேரிலாந்தும் 2000ஆம் ஆண்டிலேயே சட்டத்தை ஏற்றன.

அத்துடன் முடிந்துவிடவில்லை. நூலகங்கள், நுகர்வோர் அமைப்புகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், பொறியாளர் சங்கங்கள் எனப் பணம் கொடுத்து வாங்குவோர் ஒன்றுகூடினர். பல மாநில அட்டர்னி ஜெனரல்களும் எதிர்த்தனர். அயோவா, வட கரோலினா, மேற்கு விர்ஜீனியா, வெர்மாண்ட் ஆகிய மாநிலங்கள் இச்சட்டம் தம் குடிமக்கள்மீது பாயாமல் தடுக்கத் தனிச் சட்டமே போட்டன. 2002இல் மென்பொருளை நிறுத்தும் அதிகாரம் கைவிடப்பட்டது. 2003இல் ஆணையர்கள் முயற்சியையே நிறுத்திக்கொண்டனர். அந்த இரண்டு மாநிலங்களைத் தாண்டி அது போகவில்லை.

ஆனால் சட்டம் தோற்றாலும் நிபந்தனைகள் மறையவில்லை. 1996இலேயே அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பெட்டிக்குள் வைத்து விற்ற உரிமமும் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே நம் எச்சரிக்கை பணம் கட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

சந்தா தவறினால் பழைய பற்று வரவைப் பார்க்க முடியுமா? சரக்கு இருப்பை வேறு மென்பொருளுக்கு மாற்ற முடியுமா? கடை கைமாறினால் உரிமமும் மாறுமா? நிறுத்துவதற்கு எத்தனை நாள் அவகாசம்? இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குவோம்.

தனிக் கடைக்காரர் கேட்டால் ‘கம்பெனி விதி’ என்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் வரும். அரசு புதிய விதி வரைந்து கருத்துக் கேட்கும்போதும் சங்கத்தின் கடிதம் முதலில் போய்ச் சேர வேண்டும். பேரேடு நம்முடையது, அதன் சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.