சுண்ணாம்பு போட்டீங்களா பாஸ்?

மெக்ஸிகன் சாப்பாடுன்னதும் உங்க ஞாபகத்துக்கு என்ன வருது? மாலில் கிடைக்கிற மொறுமொறு டாக்கோ, மேல மஞ்சள் சீஸ், சுவரில் பெரிய தொப்பி... அவ்வளவுதானே? ஸாரி மக்களே, அது பெரும்பாலும் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்துச் சமையல். பேரே 'டெக்ஸ்-மெக்ஸ்'. டேஸ்ட்டுதான், சண்டை இல்லை. ஆனா மெக்ஸிகோ சிட்டி லோக்கல் கடைக்குள்ள நுழைஞ்சா கதையே வேற. எக்ஸ்சேஞ்ச் புரோகிராம், இன்டர்ன்ஷிப்னு அந்தப் பக்கம் ஃபிளைட் ஏறப் போறீங்களா? இதைக் கட் பண்ணி வெச்சுக்கங்க!

மத்தியானம் 2 மணிக்கு மேல கிளம்புங்க. அவங்களோட பெரிய சாப்பாடு அப்போதான். 'ஃபோண்டா'ங்கிற சின்ன மெஸ்ஸைத் தேடுங்க. அங்கே 'கொமீதா கொர்ரீதா' கேட்டா, நம்ம ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி வரிசையா வரும். முதல்ல சூப், அப்புறம் சாதம், அப்புறம் மெயின் அயிட்டம், குடிக்கப் பழத் தண்ணி. மொத்தத்துக்கும் ஒரே ரேட். சாப்பிட்டு முடிச்சா பில் தானா வராது. கேட்காம பில் வைக்கிறது 'எழுந்து போ'ன்னு சொல்ற மாதிரியாம்! நீங்கதான் கேட்கணும். கிளம்பும்போது பக்கத்து டேபிளைப் பார்த்து 'ப்ரோவெச்சோ'ன்னு சொல்லுங்க. 'நல்லா சாப்பிடுங்க'ன்னு அர்த்தம். முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கும் சொல்வாங்க.

வெஜ் மக்கள் உஷார்! பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குறது அங்கே சகஜம். கேட்டுட்டு வாங்குங்க. சப்பாத்திக்கள்ளியையும் பூசணிப் பூவையும் சமைச்சுத் தருவாங்க, பயப்படாம டிரை பண்ணுங்க.

சரி, கடை ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஏ.ஸி., அலங்காரம் எதையும் பார்க்காதீங்க. சான் ரஃபேல் ஏரியாவில் 'எல் கலிஃபா தெ லியோன்'னு ஒரு டாக்கோ கடை. 1968-ல் ஆரம்பிச்சது. 10 அடிக்கு 10 அடி இடம், நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும், மெனுவில் நாலே நாலு டாக்கோ. 2024-ல் அதுக்கு மிஷெலின் ஸ்டார் கொடுத்தாங்க!

நீங்க பார்க்க வேண்டியது டாக்கோவுக்கு அடியில இருக்கிற 'டார்ட்டியா'வை. அதாவது மக்காச்சோள ரொட்டி. (வடக்கு மெக்ஸிகோவில் கோதுமை டார்ட்டியாவும் ஒரிஜினல்தான்.) சோளத்தை அப்படியே அரைச்சா மாவு சேராது, உதிர்ந்துடும். அதனால சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு, ராத்திரி முழுக்க ஊறவெச்சு, கழுவி அரைக்கிறாங்க. வெத்தலைக்குத் தடவுறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு! தோல் கழன்று, மாவு பிடிச்சு நிற்கும். இப்படிப் பக்குவப்படுத்தின சோளத்துக்கு 'நிக்ஸ்தமால்'னு பேர். இந்தப் பக்குவத்துக்கு வயசு சுமார் 3,000 வருஷம்.

மேட்டர் டேஸ்ட்டோட முடியலை. சோளம் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிச்சு; சுண்ணாம்பு ஏறலை. தேவையில்லாத வேலைன்னு விட்டுட்டாங்க. விளைவு? சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு 'பெலாக்ரா' வந்தது. தோல் வெடிச்சு, வயிறு கெட்டு, புத்தி தடுமாறி, கடைசியில சாவு. 1735-ல் ஸ்பெயின் டாக்டர் காஸ்பர் காசால் இந்த நோயைப் பதிவு செஞ்சார். நிக்கோடினிக் அமிலம்தான் மருந்துன்னு தெரிஞ்சது 1937-ல். நடுவில 202 வருஷம்! இத்தாலியிலும், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கொத்துக் கொத்தா செத்தாங்க. அந்தச் சத்து சோளத்திலேயே இருக்கு. ஆனா பூட்டிக் கிடக்கு. சுண்ணாம்புதான் சாவி. கெமிஸ்ட்ரி படிக்காத மெக்ஸிகோப் பாட்டிகள் அந்தச் சாவியைக் கையிலேயே வெச்சிருந்தாங்க.

அதனால ஃபோண்டாவில உட்கார்ந்தா, டாக்கோவைக் கடிக்கிறதுக்கு முன்னாடி வெறும் டார்ட்டியாவை ஒரு துண்டு பிய்ச்சு வாயில போடுங்க. லேசா மண்வாசனையோட சோளம் மணந்தா, கடை ஓகே.

அப்புறம், உங்க வீட்டுச் சமையலறையில பாட்டி செய்ற ஏதாவது ஒரு ஸ்டெப் 'எதுக்கு இது?'ன்னு தோணுதா? ஸ்கிப் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டு எழுதி வெச்சுக்கங்க. காரணம் பாட்டிக்கே தெரியாம இருக்கலாம். காரணம் இல்லாம இருக்காது.

ப்ரோவெச்சோ மக்களே!