இன்ஜினைச் சுருக்கினால் செலவு சுருங்குமா?

சனிக்கிழமை மாலை. மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலத்தில் நாக்ஸ்வில் என்கிற சிற்றூர். அரை மைல் களிமண் டிராக்கில் தண்ணீர் லாரி கடைசிச் சுற்றை முடித்துவிட்டு ஒதுங்குகிறது. ஒரு பிக்கப் வண்டி, முன்னால் நிற்கும் ஸ்பிரிண்ட் காரின் பின்பக்கம் முட்டுக்கொடுத்து மெதுவாகத் தள்ளத் தொடங்குகிறது. பேட்டரி இறங்கிப்போன அம்பாசிடரை நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வோமே, அதே காட்சிதான். ஆனால் இந்தக் காரில் இறங்கிப்போவதற்குப் பேட்டரியே கிடையாது. ஸ்டார்ட்டர் இல்லை, கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. சக்கரம் உருள உருள இன்ஜின் சுழலும். ஆயில் பிரஷர் ஏறியதும் ஓட்டுநர் மேக்னெட்டோ சுவிட்சைப் போடுவார். அடுத்த நொடி வரும் சத்தம் பார்வையாளரின் நெஞ்சுக்கூட்டில் போய் அதிரும். எரிபொருள் மெத்தனால், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கண் கரிக்கும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து என்று சில நாடுகளின் கிராமப்புற டிராக்குகளில் வளர்ந்த பந்தயம் இது. தலைக்கு மேல் 25 சதுர அடிக்கு ஒரு தகர விங், நான்கும் நான்கு விதமாக இருக்கும் டயர்கள், இடப்பக்கம் மட்டுமே திரும்பும் டிராக். இதன் உச்ச வகுப்பின் பெயர் 410. இன்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் எண் அது. நம் கணக்கில் சுமார் 6.7 லிட்டர். ஓட்டுநரையும் சேர்த்து இந்தக் காரின் எடை, ஆள் ஏறாத மாருதி 800-இன் எடையை ஒட்டித்தான் வரும். அந்த மாருதிக்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. இதற்கு 900.

விலைதான் சிக்கல். பேர்போன பட்டறையிலிருந்து வரும் புதிய 410 இன்ஜின் 50,000 முதல் 80,000 டாலர் வரை போகும். நம் பணத்தில் 40 லட்சத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு முடிவதில்லை. சில இரவுகள் ஓடியதும் இன்ஜினைப் பிரித்து வால்வு ஸ்பிரிங், ரிங், பேரிங் என்று மாற்றியாக வேண்டும். ஒன்று பட்டறையில் கிடக்கும்போது ஓட்ட இன்னொன்று வேண்டும். அப்பா, மகன், மச்சான் மூன்று பேராகச் சேர்ந்து, வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை காரை டிரெய்லரில் ஏற்றிவரும் குடும்பத்துக்கு இந்தச் செலவு தாங்காது. உள்ளூர் டிராக்கின் வாராந்திர இரவில் ஜெயித்தவருக்குக் கிடைப்பது சில ஆயிரம் டாலர். பத்தாவதாக வந்தவருக்கு வழிச்செலவும் டயர் காசும் தேறினால் பெரிது.

இதன் விளைவு "இன்னைக்கு எத்தனை கார்?" என்ற கேள்வியில் தெரியும். பிட் பகுதியில் ஒருவரையொருவர் பார்த்ததும் முதலில் கேட்டுக்கொள்வது அதுதான். இறுதிப் போட்டியில் வழக்கமாக 24 கார்கள் நிற்கும். நாற்பது கார் வந்தால் தகுதிச்சுற்று ஒவ்வொன்றும் வாழ்வா சாவா என்று இருக்கும். தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பாக பி-மெயின் நடக்கும். ரசிகர்கள் நகத்தைக் கடிப்பார்கள். பதினான்கே கார் வந்தால் எல்லோருக்கும் இறுதிப் போட்டியில் இடம் உண்டு. தகுதிச்சுற்று வெறும் சடங்கு. டிராக் முதலாளிக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு காரோடும் நாலைந்து பேர் பிட் பகுதிக்குள் நுழையச் சீட்டு வாங்குகிறார்கள். கார் குறைந்தால் பின்வாசல் வசூலும் படுத்துவிடும்.

ஆகவே எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை, சிறிய இன்ஜினோடு இன்னொரு வகுப்பைத் தொடங்குவது. இந்த யோசனைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாக்ஸ்வில் 1991-இல் 360 கன அங்குல வகுப்புக்கென்று தனியாக ஒரு நேஷனல்ஸ் போட்டியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஓக்லஹோமாவைச் சேர்ந்த எம்மெட் ஹான், அமெரிக்கன் ஸ்பிரிண்ட் கார் சீரிஸ் என்ற தொடரை அதே 360-ஐ நம்பி நிறுவினார். 410 எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு இது வாசலைத் திறந்துவிட்டது. தெற்கு, மேற்கு மாநிலங்களில் ஸ்பிரிண்ட் கார் பந்தயம் இன்றும் உயிரோடிருப்பதில் 360-க்குப் பெரும் பங்குண்டு. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இன்று போட்டி போடத்தக்க ஒரு 360 இன்ஜின் 40,000 டாலரை ஒட்டி நிற்கிறது. ஏழைகளின் வகுப்பு என்று பிறந்தது நடுத்தர வர்க்கத்தையும் தாண்டிப்போய்விட்டது. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, இன்ஜினின் இயல்பு அப்படி. கொள்ளளவு குறைந்தால், விட்ட சக்தியைப் பிடிக்க இன்ஜினை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். வேகமாகச் சுழல்வதற்கு உள்ளே இருக்கும் பாகங்கள் இலேசாகவும் உறுதியாகவும் இருந்தாக வேண்டும். இலேசு, உறுதி இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் காசு. சிலிண்டர் ஹெட் இன்ன மாதிரிதான் இருக்க வேண்டும் என்று ஹானின் தொடர் கட்டுப்பாடு வைத்துப் பார்த்தது. ஹெட்டில் போக முடியாத பணம் வேறு பாகத்துக்குள் புகுந்தது. கொள்ளளவு வரம்பு பணத்தை நிறுத்தாது. மடைமாற்றி மட்டும் விடும்.

பணத்தை நிறுத்துவது எது? வர்ஜீனியாவைச் சேர்ந்த பிரெஞ்ச் கிரைம்ஸ் வேறு முனையிலிருந்து யோசித்தார். 'ரேஸ்சேவர்' என்று அவர் உருவாக்கிய வகுப்பில் இன்ஜின் 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர். எண்ணைவிட முக்கியமானது அதைச் சுற்றிப் போட்ட வேலி. பிளாக் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் குறிப்பிட்ட வகைதான். கம்ப்ரஷனுக்கு உச்சவரம்பு உண்டு. எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு இன்ஜினுக்கு சீல் வைத்துவிடுவார்கள். சீல் உடைந்திருந்தால் அன்றைய ஓட்டம் செல்லாது. ஓட்டுநரோடு காரின் குறைந்தபட்ச எடை 1,550 பவுண்டு. 410-க்கு இருப்பதைவிட நூறு பவுண்டுக்கு மேல் அதிகம். இந்த எடை விதியில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. கார் எப்படியும் கனமாகத்தான் இருந்தாக வேண்டும் என்றால் டைட்டானியம் போல்ட்டுக்கு யார் காசு கொடுக்கப் போகிறார்கள்?

கம்ப்ரஷனைச் சோதிப்பதற்கு இத்தகைய பந்தயங்களில் 'விசிலர்' என்று ஒரு கருவி உண்டு. இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். ஸ்பார்க் பிளக் துளையில் அதைத் திருகி வாயுவைச் செலுத்தினால் உள்ளே ஒரு விசில் ஒலி எழும். சிலிண்டருக்குள் இடம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒலியின் சுருதி மாறும். கருவி அதைக் கேட்டு கம்ப்ரஷன் விகிதத்தைச் சொல்லிவிடும். மத்தளம் தட்டிப் பார்த்துச் சுருதி சொல்கிற வித்துவான்போலத்தான். பந்தயம் முடிந்த சூட்டோடு, ஜெயித்தவர் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றி முடிக்காதபோதே, சோதனைக்காரர் பிளக் ஸ்பேனரோடு வந்து நிற்பார். ஏமாற்ற நினைப்பவர்களுக்கு அந்த ஸ்பேனர் ஒன்று போதும்.

ரேஸ்சேவர் இன்ஜின் 410-இன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கிடைத்துவிடும். பெரிய அணிகள் கழித்துப்போட்ட சேஸிஸை வாங்கி அதில் பூட்டிக்கொள்ளலாம். 1915-இல் தொடங்கிய பழைய அமைப்பான ஐ.எம்.சி.ஏ. இந்த வகுப்பைத் தன் குடையின் கீழ் சேர்த்துக்கொண்டது. நெப்ராஸ்காவில் லிங்கன் நகருக்குப் பக்கத்திலுள்ள ஈகிள் ரேஸ்வேயில் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி நடக்கும் இதன் நேஷனல்ஸ் போட்டிக்கு நூறு கார்களுக்கு மேல் வந்த ஆண்டுகள் உண்டு. எங்கோ ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் தயாரான நூறு கார்கள். பந்தயத்துக்கு ஆள் இல்லை என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. இன்ஜினைப் பூட்டியதும் பணம் ஷாக் அப்சார்பருக்குப் போனது. அதையும் பூட்டினால் டயருக்குப் போகும். ஆனாலும் ஷாக்கில் போகும் பணம் ஷாக்கோடு நிற்கும், ஆயிரங்களில் முடியும். இன்ஜினில் போகும் பணம் பல்லாயிரம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. ரசிகர் சீட்டு வாங்குவது அந்த 900 குதிரைத்திறன் மண்ணைக் கிழிப்பதைப் பார்க்கத்தான்; 305 ஓடும்போது பாதிப்பேர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுகிறார்கள். உண்மைதான். 410 இல்லாத ஸ்பிரிண்ட் கார் உலகம் தேரில்லாத திருவிழா. ஆனால் அதைக் காப்பாற்ற டிராக்குகள் செய்வதென்ன? 410-க்குப் பத்துப் பன்னிரண்டு கார் வருகிறது என்றதும் 360-ஐச் சேர்க்கிறார்கள், பிறகு 305, பிறகு இன்னொன்று. வட்டாரத்தில் கார் ஓட்டக்கூடியவர்கள் மொத்தமே நாற்பது பேர் என்றால், அந்த நாற்பதுதான் மூன்று கூறாகிறது. எந்த வகுப்பிலும் டிராக் நிறைவதில்லை. மூன்றுக்கும் தகுதிச்சுற்று, மூன்றுக்கும் இறுதிப் போட்டி என்று இரவு பதினொன்றைத் தாண்டுகிறது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பங்கள் முக்கியப் பந்தயத்துக்கு முன்பே கிளம்பிவிடுகின்றன. ஒரு டிராக்குக்கு ஒரு பெரிய வகுப்பு, சீல் வைத்த ஒரு சிறிய வகுப்பு. அதற்குமேல் வேண்டாம்.

அதைவிட முக்கியம், பக்கத்து டிராக்கும் அதே இரண்டை வைத்திருப்பது. பென்சில்வேனியாவின் மையப் பகுதியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வில்லியம்ஸ் குரோவ். சனிக்கிழமை லிங்கன் ஸ்பீட்வே, போர்ட் ராயல். எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்கு முன்னே பின்னே. மூன்றிலும் 410-தான் ராஜா. ஒரே காரை, ஒரே இன்ஜினை வைத்துக்கொண்டு ஒரு வார இறுதியில் இரண்டு இரவு சம்பாதிக்கலாம். உள்ளூர் ஓட்டுநர்கள் 'பென்சில்வேனியா பாசி' (posse, அதாவது படை) என்ற பெயரோடு, நாடு சுற்றிவரும் நட்சத்திரங்களையே மண்ணைக் கவ்வ வைப்பதன் ரகசியம் இந்தப் பக்கத்து வீட்டு உறவுதான். வடக்கு ஒஹாயோவில் வெள்ளிக்கிழமை ஆட்டிகா, சனிக்கிழமை ஃப்ரீமாண்ட்; இரண்டிலும் 410-ம் 305-ம். இரண்டு டிராக்குக்கும் சேர்த்தே ஒரு சாம்பியன்ஷிப் கணக்கும் உண்டு. மாறாக, பல வட்டாரங்களில் 305 என்ற எண் ஒன்றாக இருந்தாலும் விதி ஊருக்கு ஊர் வேறு. இங்கே செல்லும் இன்ஜின் அங்கே செல்லாது. வாங்கிய பொருளை வாரம் ஒருமுறைதான் ஓட்ட முடியும் என்றால் எந்த விலையும் அதிக விலைதான்.

பரிசுத் தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் ஒஹாயோவின் எல்டோரா டிராக்கில் நடந்த ஒரு பந்தயத்தில் லோகன் ஷுகார்ட் வென்ற தொகை 10,02,023 டாலர். 1978-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடருக்குப் போட்டியாக, ஓட்டுநர்கள் கைல் லார்சனும் பிராட் ஸ்வீட்டும் ஆரம்பித்த ஹை லிமிட் தொடர் வந்த பிறகு உச்சத்தில் பணம் கொட்டுகிறது. நல்லதுதான், ஓட்டுநர்களுக்கு வாழ்வு. ஆனால் கோபுரக் கலசத்துக்கு மட்டும் முலாம் பூசிக்கொண்டிருந்தால் அடித்தளத்தை யார் பார்ப்பது? வாராந்திர இரவில் முதல் பரிசில் ஐந்நூறு டாலரைக் கூட்டுவதைவிட, பத்தாம் இடத்திலிருந்து இருபத்துநான்காம் இடம்வரை வருகிறவர்களுக்குப் பகிர்ந்தால் அடுத்த வாரமும் அவர்கள் டிரெய்லரைப் பூட்டுவார்கள்.

மலிவான இன்ஜினை வைத்து அடித்தளத்தை வளர்ப்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. எஸ். கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினைப் பூட்டி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். உலகத் தரத்துக்கு அது பொம்மை. ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடிய இன்ஜின்; உதிரி பாகம் தெருமுனையில் கிடைக்கும். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் டிராக்கில் நின்றார். ஆஸ்திரேலியர்களும் அதே வழியில் போனார்கள். அங்கே விங் இல்லாத ஸ்பிரிண்ட் கார் வகுப்பில் ஓடுவது ஹோல்டன் கமடோர் குடும்பக் காரின் 3.8 லிட்டர் வி6 இன்ஜின். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் அலைந்து தேடி எடுத்தது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள், ஹாரிஸ்பர்க் பக்கம் தங்க நேர்ந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மாலையை வில்லியம்ஸ் குரோவுக்கு ஒதுக்கலாம். 1939-இலிருந்து ஓடுகிற டிராக். காதில் அடைத்துக்கொள்ள ஏதாவது கட்டாயம் வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், வளைவில் உட்கார்ந்தால் மண் தெறிக்கும். பல இரவுகளில் 410-களோடு இன்னொரு வகுப்பும் ஓடும். அது ஓடும்போது பாப்கார்னுக்கு எழுந்து போகாதீர்கள்.