அழாத குழந்தைக்கும் வலிக்கும்

"பச்சைக் குழந்தைக்கு வலி ஏது? கொஞ்ச நேரம் அழும், அப்புறம் மறந்துபோகும். நர்ஸ் வலிக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தால் மற்ற வேலையை யார் பார்ப்பது?" குயிலாப்பாளையத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் மூத்த மருத்துவர் ஒருவர் இப்படிப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

ஐயா, இந்த மூடநம்பிக்கைக்கு உயிர்கள் விலை கொடுத்திருக்கின்றன. 1985இல் வாஷிங்டனில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தையை அசையாமல் கிடக்க மட்டும் மருந்து கொடுத்து, வலிக்கு ஒன்றும் கொடுக்காமல், நெஞ்சைத் திறந்தார்கள். சில வாரங்களில் குழந்தை இறந்தது. உண்மையைத் தோண்டி எடுத்தவர் அதன் தாய். இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த், ஃபென்டனில் என்ற வலி மருந்தைக் கொடுத்து அறுவை செய்த குறைமாதக் குழந்தைகளுக்குச் சிக்கல்கள் குறைந்ததை, ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வைப் பற்றிய 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிரூபித்தார். அந்தக் கட்டுரை உங்கள் கண்ணில் படவே இல்லையா?

மறந்துபோகுமாம்! மரத்துப்போக மருந்தில்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகம் துடித்ததை 1997இல் கனடா ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

நர்ஸ் போடும் மார்க்கைக் கேலி செய்தீர்கள். முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. இதை ஃபிளாக் அளவுகோல் என்பார்கள். சில நிமிட வேலை. கொதிக்கும் கஞ்சி கொட்டி ஜிப்மர் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படும் பிள்ளை, வார்டில் தொடையை வயிற்றோடு மடக்கி, தாடையை இறுக்கி, கூரையைப் பார்த்தபடி கிடக்கும். அழுது ஓய்ந்த குழந்தை அது. ரவுண்ட்ஸில் எட்டிப் பார்த்துவிட்டு 'அமைதியாக இருக்கிறது' என்று நகர்ந்துவிடுவீர்கள். கட்டு மாற்றுவதற்கு முன்பே வலி மருந்து வேண்டும் என்று டாக்டரிடம் போய் நிற்பவர், பக்கத்திலேயே இருக்கும் நர்ஸ்தான். அவருக்கு இதைவிடப் பெரிய வேலை எது?

வலி மருந்து நோயை மறைக்கும் என்பதும் பழைய பல்லவி. வயிற்றுவலிக் குழந்தைகளுக்கு மார்ஃபின் கொடுத்த பிறகும் குடல்வால் அழற்சியைச் சரியாகக் கண்டறிய முடிந்திருக்கிறது.

தடுப்பூசியின்போது வலி குறைய, குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்கலாம், அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது. இதற்குக் காசு செலவில்லை.

தாய்மார்களே, அடுத்த புதன்கிழமை ஊசிக்குப் போகும்போது பிள்ளையை மேசையில் கிடத்தாதீர்கள். மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லிக் கேளுங்கள்.