எந்தத் துப்பாக்கி நல்லது, அக்கா?

போன மாதம் ஓர் இரவு, எங்கள் துறையில் எனக்கு இரண்டு ஆண்டு பின்னால் சேர்ந்த தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கைக்கு அடக்கமான ஒரு ரிவால்வர். கீழே ஒரே வரி: "தினமும் பையில வச்சுக்க எது நல்லது அக்கா?"

அவன் தலித். மூன்று மாதங்களுக்கு முன்பு சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவன். இணையரின் உறவினர்கள் இருவர், அவன் வழக்கமாக ஏறும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, "எத்தனை மணிக்கு வருவான்?" என்று டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், "பெரியவங்கள வச்சுப் பேசி முடிச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எனவே அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. "வன்முறை தீர்வாகாது தம்பி" என்று பாடம் எடுக்கவும் இல்லை. உயிர் பயத்தில் இருப்பவனிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் கேட்டதைக் கேட்டபடியே எடுத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன்.

அவன் அனுப்பியது 'நிர்பீக்'. 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட .32 ரிவால்வர். எடை சுமார் 500 கிராம். 2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்பட்டது. அன்றைய விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய்.

புதிதாகத் துப்பாக்கி பழகுபவர்களுக்கு ரிவால்வரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுழலும் உருளையில் ஆறு தோட்டாக்கள், விசையை இழுத்தால் சுடும். தோட்டா சிக்கிக்கொள்ளும் தொல்லை குறைவு. ஆனால் சிறியதாக ஆக ஆகக் குழாய் குட்டையாகி, குறி பார்ப்பது கடினமாகும். எடை குறையக் குறையச் சுட்டதும் கை துள்ளும். விசையும் கனமாக இருக்கும். மாதக்கணக்கில் பயிற்சி இல்லாத கையில், பத்தடி தூரத்திலேயே அது ஏமாற்றும்.

இவற்றை எல்லாம் பயிற்சியால் சரிசெய்யலாம் என்றே வைத்துக்கொள்வோம். இந்தத் துப்பாக்கி யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? இருட்டுச் சந்தில் தனியாக எதிர்ப்படும், முகம் தெரியாத ஒருவனை. சாதி அப்படி வருவதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்துக் கும்பலாக வெட்டினார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, கண்காணிப்பு கேமரா பார்த்துக்கொண்டிருக்க, கடைத்தெருக் கூட்டத்துக்கு நடுவே சங்கரையும் கௌசல்யாவையும் பின்னாலிருந்து வந்து வெட்டினார்கள். பைக்குள் இருக்கும் ஆறு தோட்டாக்களுக்கு அங்கே என்ன வேலை?

உரிமம் வாங்குவதைப் பாருங்கள். சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. நல்லது. ஆனால் 13ஆவது பிரிவின்படி, விண்ணப்பத்தின் மீது அறிக்கை தர வேண்டியது உள்ளூர்க் காவல் நிலையம். "பேசி முடிச்சுக்கங்க" என்று சொன்ன அதே நிலையம்தான், அவனுக்கு ஆபத்து உண்டா என்றும் எழுத வேண்டும். உரிமம் கிடைத்தாலும், தனி அனுமதி இல்லாமல் கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளோ திருவிழாவுக்கோ பொதுக்கூட்டத்துக்கோ கொண்டுபோகக் கூடாது என்பது உரிம நிபந்தனை. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஆக, ஓர் ஆய்வு மாணவன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு தலித் வேட்பாளர் பிரச்சாரத்தின்போது வைத்திருக்க முடியாது.

தினமும் துப்பாக்கியோடு நடமாடும் பழக்கம் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே கறுப்பின மக்களுக்கு அது என்ன கொடுத்தது? 1956இல் மாண்ட்கோமரியில் தன் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார் மார்ட்டின் லூதர் கிங். மறுத்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 2016இல் மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டிலிடம் முறையான உரிமம் இருந்தது. காரை நிறுத்திய காவலரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முன்கூட்டிச் சொன்னார். இணையரும் நான்கு வயதுக் குழந்தையும் காருக்குள் இருக்க, அந்தக் காவலர் அவரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு விடுதலையும் ஆனார். ஒருவனுக்குத் தற்காப்பு என்று பெயர் பெறுவது, இன்னொருவன் கையில் குற்றத்துக்கான ஆதாரம் ஆகிவிடுகிறது. நம் ஊரில் மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நம்மில் பலர் படிக்காமல் விட்ட ஒரு பக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3ஆவது விதி, வன்கொடுமை நடப்பதற்கு முன்பே அரசு செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம் என்று அதில் இருக்கிறது. இதை மேடைகளில் நாம் அடிக்கடி சொல்கிறோம், கை தட்டும் விழுகிறது. ஆனால் அதற்கு முன்னால் உள்ள வரிகளைச் சொல்வதில்லை. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அடையாளம் காண வேண்டும். அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் ஆயுத உரிமங்களைத் தேவைப்பட்டால் ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

வரிசையைக் கவனியுங்கள் தோழர்களே. முதலில் அடிப்பவனின் ஆயுதத்தை இறக்கு, பிறகு அடிபடுபவனுக்குக் கொடு. நாமோ முதல் பாதியை மறந்துவிட்டு, ஒரு லட்சம் ரூபாய்த் துப்பாக்கியை ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் தனிப் பொறுப்பாக்குகிறோம். அரசு செய்ய வேண்டிய வேலையை அவன் பைக்குள் திணிப்பதற்குப் பெயர் விடுதலை அரசியலா?

கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்கிறது 17ஆவது விதி. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள இடமாக எந்தெந்த ஊர்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன? அங்கே எத்தனை ஆயுத உரிமங்கள் மறு ஆய்வு செய்யப்பட்டன, எத்தனை ரத்தாயின? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே மனுவில் இவற்றைக் கேட்டுவிடலாம். சாதி மறுப்பு இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அந்த இல்லம் எங்கே என்று விசாரித்துப் பாருங்கள்.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, அதுவரைக்கும்?" என்றான்.

நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. மறுநாள் ஒரு வழக்கறிஞர் தோழரோடு காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போய், எழுத்துபூர்வமாக மனு கொடுத்து, ரசீது வாங்கினோம். அன்றிலிருந்து காலையும் மாலையும் எங்களில் இரண்டு பேர் அவனோடு பேருந்து ஏறுகிறோம். யார் எந்த நாள் என்று துறை அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை என் முறை.