கோச்சை மாற்றினால் அணி ஜெயிக்குமா? சின்ன பட்ஜெட் கிளப்களின் பாடம்

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அதற்கு அப்பால் கேரளம். தேனி மாவட்டத்துக்கென்று ஐஎஸ்எல்லில் அணி கிடையாது. அதனால் இங்குள்ள ஃபுட்பால் ரசிகர்களில் ஒருவர் சென்னையின் பக்கம், இன்னொருவர் மலைக்கு அந்தப் பக்கத்து பிளாஸ்டர்ஸ் பக்கம். ஆனால் அணி நாலு மேட்ச் தோற்றால் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல கோச்சை மாத்துங்கப்பா!"

மாற்றினால் சரியாகிவிடுமா?

கோவையில் நடந்தது என்ன?

2017-18 ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்சி 10 அணிகளில் 8-வது இடம். அடுத்த சீசனில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச். எதிரே நூற்றாண்டுப் பெருமையுள்ள கொல்கத்தா கிளப்கள். ஈஸ்ட் பெங்காலுக்குப் பின்னால் குவெஸ் என்ற பெரிய நிறுவனம். சென்னை சிட்டிக்குப் பெரிய ரசிகர் பட்டாளம்கூட இல்லை. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26% பங்கு வாங்கியதும் 2019-ல்தான்.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். கடைசி மேட்ச். ஜெயித்தால் கோப்பை. மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டது. சென்னை சிட்டி 3-1 என்று திருப்பியடித்தது. 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

சரி, அப்புறம்? எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையினுக்குப் போனார். 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவா அணிக்குப் போனார். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. நல்ல கோச் ஒரு சீசன் ஜெயித்துக் கொடுக்கலாம்; வளர்த்த ஆட்களைக் கையில் வைத்திருக்கக் காசு வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் இங்கிலாந்து கிளப்களின் பல ஆண்டு சம்பளச் செலவையும் லீக்கில் அவை பிடித்த இடத்தையும் ஒப்பிட்டார்கள். இடங்களில் உள்ள வித்தியாசத்தில் சுமார் 90 சதவீதத்தைச் சம்பளச் செலவே விளக்கிவிடுகிறது. ஒரே சீசனை எடுத்தால் இந்தப் பிடி கொஞ்சம் தளரும். சின்ன அணிகளின் அதிசயம் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான கணக்கைப் பார்த்தவர் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல். கோச்சை நீக்கிய அணிகள் மீண்டன. அதே மாதிரி சறுக்கி, கோச்சை நீக்காத அணிகளும் மீண்டன! மோசமான ஓட்டம் எப்படியும் ஒருநாள் முடியும். அந்த நேரத்தில் வந்து சேருகிற புது கோச்சுக்குப் பெயர் கிடைக்கிறது.

அப்படியென்றால் கோச் தேவையே இல்லையா?

இல்லை. 2019 டிசம்பரில், அடிமட்டத்தில் தடுமாறிய சென்னையினுக்கு ஓவன் கோய்ல் வந்தார்; அணி ஃபைனல் வரை போனது. பிறகு ஜாம்ஷெட்பூரில் 2021-22 லீக் ஷீல்டும் வென்றார். திரும்பவும் சென்னையினுக்கு வந்தவர் 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடத்தில் முடித்தார். ஆள் அதேதான். கையில் இருந்த அணிதான் வேறு.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கவாத்து வெட்டுகிறவர் கைதேர்ந்தவராக இருக்கணும்தான். ஆனால் பந்தல் சாய்ந்து, தண்ணீரும் வரவில்லை என்றால், கவாத்து ஆளை மாற்றி மகசூல் எடுக்க முடியாது.

பிறகு ஏன் கோச் தலை மட்டும் உருள்கிறது?

அதுதான் மலிவான முடிவு. 25 வீரர்களை மாற்ற முடியாது. ஓனர் தன்னைத்தானே நீக்கிக்கொள்ள மாட்டார். 2016-ல் லெஸ்டர் சிட்டிக்கு பிரீமியர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த கிளாடியோ ரனியேரியே ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டார். சின்ன கிளப் ஒருமுறை ஜெயித்துவிட்டால், அடுத்த வருஷமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். பட்ஜெட் மட்டும் அந்த எதிர்பார்ப்போடு சேர்ந்து வளர்வதில்லை.

2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் கோச் மிக்கேல் ஸ்டாரேவை நீக்கியது. ஆனால் அதன் ரசிகர் அமைப்பான மஞ்சப்படாவின் கோபம் நிர்வாகத்தின் மேல்தான் இருந்தது. ரசிகர்கள் சரியான கதவைத்தான் தட்டினார்கள்.

அடுத்த முறை "கோச்சை மாத்துங்க" என்று கமென்ட் போடும் முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். செலவில் இந்த அணி எத்தனையாவது? லீக்கில் எத்தனையாவது? போன சீசனின் நல்ல வீரர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? செலவில் பத்தாவதாக இருந்து லீக்கில் ஏழாவதாக வரும் கோச், தோற்றவர் அல்ல. மூன்று படி ஏற்றியவர். அவரை அனுப்பிவிட்டால், அடுத்து வருபவருக்கும் அதே காலி பர்ஸ்தான் காத்திருக்கும்.